இணையத்தில் தமிழ்ச் செய்தி, 1995 முதல் 2005 வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999 முதல் 2005 வரை மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்ச் செய்தியைத் திறக்க முடியாமல் தவித்தவர்களுக்கு அப்போது பதில் சொல்வதே பாதி வேலையாக இருந்தது. இப்போது இதழியல் படிக்கும் மாணவர்களும், பழைய கணினியில் கிடைத்த கோப்புகளோடு வருபவர்களும் அதே காலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரே ஐயம் பலரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்ததால், கேள்விகளை அவரவர் கேட்ட சொற்களிலேயே வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆரம்பகால இணையம் என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறீர்கள்?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை, அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்த நாளிலிருந்து, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு (ஒருங்குறி) தமிழ்ப் பக்கங்களில் பரவலாக ஊன்றிய 2005 வரையிலான பத்தாண்டுகளையே இங்கே சொல்கிறேன். உலக அளவில் வேறு வகையாகவும் காலத்தைப் பகுக்கலாம். தமிழில் செய்தி படித்தவர்களுக்கு இந்தப் பத்தாண்டுகள்தான் ஒரு தனிக் காலம். ஏன் என்பது ஐந்தாம், ஆறாம் கேள்விகளில் வரும்.

அப்போது எல்லோர் வீட்டிலும் நெட் இருந்ததா?

இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் வி.எஸ்.என்.எல். மட்டுமே இணைப்பு தந்தது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்த பிறகே கட்டணம் இறங்கியது. அப்போதும் கணினி, மோடம், தொலைபேசி ஆகிய மூன்றும் ஒரு வீட்டில் சேர்ந்திருப்பது அரிது. இணையத்துக்குக் கட்டும் பணம் போக, டயல் செய்த நேரத்துக்கெல்லாம் தொலைபேசிக் கட்டணமும் தனியாக ஏறும்.

ஆகவே பெரும்பாலோர் பிரவுசிங் சென்டருக்கே வந்தார்கள். பிளைவுட் தடுப்பு வைத்த சிறு அறைகள், வாசலில் ஒரு நீள நோட்டு, அதில் பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று மூன்று பத்திகள். எங்கள் கடை இவ்வளவுதான். செய்தி படிக்க வருபவர்களை முகம் பார்த்தே அறிந்துவிடலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெரியவர்கள் மின்னஞ்சல் பார்த்து முடித்ததும், மீதியிருக்கும் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு பத்திரிகையைத் திறந்து தரச் சொல்வார்கள். காலையில் வீட்டில் தாளில் படித்த செய்திதான் என்றாலும், மகன் அங்கே இதே பக்கத்தைத்தான் பார்ப்பான் என்பதற்காகவே அதைப் பார்த்தவர்கள் பலர்.

ஒரு செய்தியைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மோடத்தின் மேல் 56 கே என்று எழுதியிருக்கும். நடைமுறையில் நொடிக்கு நான்கு கிலோபைட் வந்தால் நல்ல நாள். படங்களோடு 120 கிலோபைட் இருக்கும் ஒரு முகப்புப் பக்கம் முழுதாக வர அரை நிமிடம் ஆகும். அதன் எழுத்துரு கணினியில் இல்லையென்றால், அதை இறக்கிக்கொள்ள இன்னும் கால் நிமிடம், அரை நிமிடம் கூடும். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் படிக்கும் முறையே வேறாக இருந்தது. விவரமறிந்தவர்கள் படங்களை வரவிடாமல் அணைத்துவிடுவார்கள். தலைப்புகளை மட்டும் பார்த்து, வேண்டிய ஏழெட்டுச் செய்திகளைத் தனித்தனிச் சாளரங்களில் திறந்து, எல்லாம் வந்து சேர்ந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பார்கள். எங்கள் கடையில் அப்படிப் பக்கங்களைச் சேமித்து 1.44 மெகாபைட் பிளாப்பியில் எடுத்துப்போகும் ஆசிரியர்கள் இருந்தார்கள். இன்று சிலர் என்னிடம் கொண்டுவரும் பழைய கோப்புகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

முதலில் இணையத்துக்கு வந்த இந்தியப் பத்திரிகை எது? தமிழ் ஏடுகள் எப்போது வந்தன?

சென்னையிலிருந்து வரும் தி இந்து 1995-இல் இணையப் பதிப்பைத் தொடங்கியது. இந்திய நாளிதழ்களில் அதுவே முதல் என்பது பொதுவான கணக்கு. அதே ஆண்டில் இந்தியாவேர்ல்டு என்ற தளமும் தொடங்கியது. அதன் கிளையான சமாச்சார், பல பத்திரிகைகளின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தந்தது. வெளிநாட்டு இந்தியர்கள் காலையில் முதலில் திறக்கும் பக்கமாக அது பல ஆண்டுகள் இருந்தது. 1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தபோது, செய்தித் தலைப்புகளை அடுக்குவதற்கு இவ்வளவு விலையா என்று எங்கள் கடையில் ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது.

தமிழ் நாளேடுகளும் வார ஏடுகளும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக வந்தன. ஆங்கில ஏட்டுக்கு இல்லாத ஒரு சிக்கல் இவர்களுக்கு இருந்தது. அதுவே அடுத்த கேள்வி.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஏன் கிறுக்கல் எழுத்தாக வந்தது?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வகுத்துக்கொள்வதற்குக் குறியேற்றம் என்று பெயர். அன்றைய கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 இடங்கள். அவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் போய்விடும். தமிழ் எழுத்துருச் செய்தவர்கள், மேலே மிஞ்சிய இடங்களிலோ ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயோ தமிழ் வடிவங்களை வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்துதான். உரிய எழுத்துருவை மாட்டினால் மட்டுமே அது தமிழாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஈழத்தவரிடையே மிகப் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால், கோப்பில் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் குறி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி என்பது மெய்யின் மேல் வைக்கும் புள்ளி. பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். அதே சொல்லை டிஸ்கி என்ற பொதுக் குறியேற்ற முறையில் எழுதினால், முக்கால் என்னும் பின்னக்குறி, மேற்கோடு போட்ட பெரிய ஏ, அமெரிக்க சென்ட் குறி, மேற்கோடு போட்ட யூ என்று வேறு நான்கு குறிகள் பதிவாகும்.

எழுத்துரு இருந்தும் கிறுக்கலாக வருவதுண்டு. உலாவியின் ‘வியூ’ பட்டியலில் ‘என்கோடிங்’ என்பதைத் திறந்து ‘யூசர் டிஃபைன்ட்’ என்று மாற்றினால் பல பக்கங்கள் உடனே சரியாகிவிடும். என் ஆறு ஆண்டுகளில் நான் அதிகம் செய்த வேலை எது என்று கேட்டால், அந்த ஒரு சொடுக்கைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் முழுவதும் கிறுக்கலாக இருந்து, சட்டென்று தமிழாக மாறும்போது பக்கத்தில் நிற்பவர் முகம் மலர்வதை எத்தனை முறை பார்த்தாலும் அலுத்ததில்லை.

ஆளுக்கொரு எழுத்துரு ஏன்? எல்லோரும் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாமே?

இதற்குச் சோம்பலோ பகையோ காரணம் இல்லை. பத்திரிகைகள் இணையத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சுக்கோப்புக்காகத் தமிழ் மென்பொருள்களை வாங்கியிருந்தன. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. அச்சில் தாளுக்குப் போனால் வேலை முடிந்தது, உள்ளே என்ன எண் இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதே கோப்பை இணையத்தில் ஏற்றியபோதுதான் படிப்பவரிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டியதாயிற்று. இன்றும், பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் எழுத்து மாற்றிகளின் பட்டியலைப் பார்த்தால் தினமணி, தினத்தந்தி, தினகரன், நக்கீரன், முரசொலி, விகடன் என்று பத்திரிகைப் பெயர்களிலேயே குறியேற்றங்கள் இருக்கும். விகடனுக்குப் ‘பழைய விகடன்’ என்று இன்னொன்றும் உண்டு.

பொதுக் குறியேற்றத்துக்கான முயற்சிகள் நடந்தன. அவற்றில் நான் மிகவும் மதிப்பது டிஸ்கி. 1997, 98 ஆண்டுகளில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று உடன்பட்டு, இலவசமாக வெளியிட்டார்கள். ஆங்கிலம் தன் இடத்தில் அப்படியே இருக்க, தமிழ் மேல் 128 இடங்களுக்குள் அடங்கியது. அதில் வந்த ஒரு தொல்லை வேடிக்கையாகத் தோன்றலாம். பட்டவர்களுக்குத் தெரியும் அதன் வலி. தொடக்கப் பதிப்புகளில் ‘இ’ என்ற எழுத்து 173-ஆம் இடத்தில் இருந்தது. உலாவிகள் அந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத சொற்பிளவுக் கோடாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘இந்தியா’ என்ற சொல் ‘ந்தியா’ என்று வந்து நிற்கும். 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254-ஆம் இடத்தைக் கொடுத்த பிறகே அது தீர்ந்தது.

தமிழ்நாடு அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடத்திய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும், தமிழ்99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. டாம் தமிழுக்கு மட்டும், டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. விசைப்பலகை இன்றும் வாழ்கிறது. குறியேற்றங்களோ, டிஸ்கியோடும் பத்திரிகைகளின் சொந்த முறைகளோடும் இன்னும் இரண்டாகச் சேர்ந்துகொண்டன. ஆளுக்கொரு பக்கம் இழுத்த இந்தக் காலம் இல்லாதிருந்தால், தமிழில் செய்தி பகிர்வது ஐந்தாண்டுகள் முன்பே எளிதாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்துருவை நிறுவாமலே சில பக்கங்கள் தெரிந்தனவே, எப்படி?

அதற்கு இயங்கு எழுத்துரு என்று பெயர். பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கும். அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு மட்டும் பயன்பட்டுவிட்டுப் போய்விடும். நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு வகை, மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறு வகை என்று இரண்டு இருந்தன. இரண்டையும் வைத்த பத்திரிகைகள் உண்டு, ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்ற உலாவிக்காரர்களைக் கைவிட்டவையும் உண்டு. பின்னால் வந்த நெட்ஸ்கேப் 6 அந்தப் பழைய வகையை ஆதரிக்கவில்லை. அதற்கு மாறியவர்களுக்கு நேற்று வரை தெரிந்த பக்கம் தெரியாமல் போயிற்று.

படிப்பதற்கு இது பெரிய உதவி. பகிர்வதற்கு உதவவில்லை. பக்கத்திலிருந்து நான்கு வரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், எழுத்துரு கூட வராது. போய்ச் சேருவது கிறுக்கல்தான்.

அப்படியானால் ஒரு செய்தியை மற்றவருக்கு எப்படித்தான் அனுப்பினார்கள்? லிங்க் கொடுத்தால் போதாதா?

லிங்க் கொடுப்பதில் இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. பல தளங்களின் பக்கம் ஃபிரேம் எனப்படும் சட்டங்களாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் செய்தி. எந்தச் செய்தியைத் திறந்தாலும் மேலே முகவரிப் பட்டையில் முகப்பின் முகவரியே நிற்கும். அதை நகலெடுத்து அனுப்பினால், பெறுபவர் முகப்புக்குத்தான் போவார். இன்னொன்று, பல ஏடுகள் ஒவ்வொரு நாளும் அதே பக்கத்தின் மேலேயே புதிய செய்தியை ஏற்றிவிடும். இன்று அனுப்பிய முகவரியை நாளை திறந்தால் நாளைய செய்தி இருக்கும்.

ஆகவே வேறு வழிகள் பழகின. இருவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தால், செய்தியை அப்படியே ஒட்டி, மேலே ஆங்கிலத்தில் ‘இன்ன எழுத்துருவில் படிக்கவும்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். இல்லையென்றால் செய்தியைப் படமாக்கி இணைப்பார்கள். 1996-இல் தொடங்கிய ஹாட்மெயில் அப்போது தந்தது இரண்டே மெகாபைட் இடம். 300 கிலோபைட் அளவில் ஆறேழு படங்கள் வந்தால் பெட்டி நிறைந்து, அதற்குமேல் வரும் கடிதங்கள் திரும்பிப் போகும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் ஒரு ஜிகாபைட் தருவதாக அறிவித்தபோது பலர் நம்ப மறுத்ததற்கு அந்த நெருக்கடிதான் காரணம்.

மூன்றாவது வழி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது. இது எந்தக் கணினியிலும் தெரியும். ஆனால் பி, ஏ, எல், ஏ, எம் என்று தட்டினால் அது பலமா, பழமா, பாலமா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். ளகரத்துக்குப் பெரிய எல், ழகரத்துக்கு இசட்-எச் என்றெல்லாம் வழக்கங்கள் ஏற்பட்டன. ஒரு முழுத் தலையங்கத்தை இப்படித் தட்டி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு மணி நேர உழைப்பு அது. நான்காவது வழி அச்சுப்பொறி. எங்கள் கடையில் எடுத்த அச்சுத் தாள்கள் ஊரில் எத்தனை பேர் கைக்குப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை.

வாட்ஸ்அப் குழு மாதிரி அப்போது எதுவும் இல்லையா?

இருந்தது. தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற செய்திக்குழு அமைப்பில் தமிழர் பண்பாட்டுக்கென ஒரு குழு இருந்தது. அங்கே ஆங்கிலத்திலும், மேலே சொன்ன ஆங்கில எழுத்துத் தமிழிலும் ஊர்ச் செய்திகளை எழுதி விவாதித்தார்கள். பிறகு மடலாடற்குழுக்கள் வந்தன. ஒருவர் ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் அந்த மடல் போகும். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் இவற்றில் முன்னோடி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு அங்கே தமிழ் எழுத்திலேயே எழுதினார்கள். பின்னர் யாகூ குழுமங்களில் அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்றவை வளர்ந்தன.

குழுவில் சேர்ந்தவுடன் முதல் மடலாக எழுத்துருவும் அதை நிறுவும் முறையும் வரும். இதனால் ஒரு குழுவினர் எல்லோரும் ஒரே எழுத்துருவுக்கு வந்துவிட்டார்கள். முந்தைய கேள்வியில் சொன்ன இடைஞ்சல் குழுவுக்குள் இல்லை. ஒருவர் காலை ஏட்டில் படித்ததைச் சுருக்கி எழுதுவார், வேறு நாட்டில் இருப்பவர் அவருடைய மாலையில் அதற்குப் பதில் எழுதுவார், நாள் முடிவில் எல்லாம் ஒரே தொகுப்பு மடலாக வந்து சேரும். செய்தி மெதுவாகப் போயிற்று. ஆனால் சுருக்கி எழுதுபவர் முழுவதையும் படித்திருக்க வேண்டியிருந்தது. கைப்பட எழுதாமல் எதையும் தமிழில் பரப்ப முடியாத நிலை அந்தக் குழுக்களின் பேச்சுக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழர்கள் எப்படிச் செய்தி அறிந்தார்கள்?

அவர்களுக்கு இணையம் பொழுதுபோக்காக இருக்கவில்லை. போர் நடந்த வடகிழக்கிலிருந்து செய்தி வெளியே வருவது கடினம். யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 சாலை 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகே திறந்தது. 1997-இல் தொடங்கிய தமிழ்நெட் என்ற ஆங்கிலச் செய்தித்தளம் (முந்தைய பதிலில் சொன்ன தமிழ்.நெட் மடலாடற்குழு வேறு), அந்தந்த இடங்களிலிருந்து செய்தியாளர்கள் அனுப்பியதைத் தேதியும் நேரமும் போட்டு வெளியிட்டது. அதன் ஆசிரியப் பணியில் முக்கியமானவரான தராக்கி சிவராம் 2005 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். செய்தியை இணையத்தில் ஏற்றுவதற்கு அங்கே உயிரே விலையாக இருந்தது.

மதுரை ஆனையூரில் அகதிகள் முகாம் உண்டு. அங்கிருந்து மூன்று நான்கு பேர் சேர்ந்து வந்து ஒரே அறையில் நெருங்கி உட்காருவார்கள். அவர்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வரி வரியாகத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று காத்திருப்பார்கள். அந்த நாட்களில் நான் நேரத்தை நோட்டில் எழுதியதில்லை.

அப்போதும் வதந்தி பரவியதா?

பரவியது. ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்’ என்ற மடல்கள் இணையத்தோடு சேர்ந்தே வந்தவை. 1994-இல் ஆங்கிலத்தில் உலகெங்கும் சுற்றிய ‘குட் டைம்ஸ்’ வைரஸ் எச்சரிக்கை முழுப் பொய். அது சொன்ன வைரஸ் இருந்ததே இல்லை. நம் ஊரில் அதிகம் வந்தவை நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு உதவி கேட்கும் மடல்களும், குளிர்பானங்களைப் பற்றிய எச்சரிக்கைகளும்.

ஒரு சிறு அடையாளம் அப்போது உதவியது. ஒரு மடலை முன்னனுப்பும்போது ஒவ்வொரு வரியின் முன்னும் ஓர் அம்புக்குறி சேரும். ஐந்தாறு அம்புக்குறிகள் அடுக்கி நின்றால், அது ஐந்தாறு கை மாறி வந்தது என்று பார்த்தவுடனே தெரியும். மேலே அனுப்பியவர்களின் முகவரிகளும் வரிசையாக நிற்கும். யாரிடமிருந்து தொடங்கியது என்று கீழ்நோக்கிப் போய்ப் பார்க்கலாம். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: தேதியும் ஊரும் இல்லாத செய்தியை அச்செடுத்துக் காசை வீணாக்க வேண்டாம்.

பெரிய சம்பவம் நடந்த நாட்களில் என்ன ஆகும்?

2000 ஜூலை 30 இரவு கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது அதை முதலில் உணர்ந்தேன். அவர் நவம்பர் 15 அன்று விடுபடும் வரை 108 நாட்கள். தூதராகக் காட்டுக்குப் போன நக்கீரன் ஆசிரியர் கோபால் என்ன கொண்டு வந்தார் என்று அறிய, வழக்கமாக இணையம் பக்கமே வராதவர்கள் வந்து கேட்டார்கள். பத்திரிகைத் தளங்கள் நெரிசலில் திறக்காமல் போகும். திறந்த ஒருவர் அச்செடுத்துத் தருவதைச் சுற்றி நின்று படிப்பார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை வந்தது. அதற்குள் நிலைமை மாறியிருந்தது. தமிழில் வலைப்பதிவு எழுதுபவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஒருங்குறியில் எழுதினார்கள், அதே ஆண்டு காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி அவர்களுடைய இடுகைகளை ஒரே பக்கத்தில் காட்டியது. மறுநாள் நாளேடு வருமுன்பே, நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் உறவினர் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவற்றை நகலெடுத்து யாருக்கு அனுப்பினாலும் தமிழாகவே போய்ச் சேர்ந்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் வந்த அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில், அதை நான் சிறிதாக நினைப்பதில்லை.

பழைய தமிழ்ச் செய்தியைத் தேடு பொறியில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

காரணம் ஐந்தாம் பதிலிலேயே இருக்கிறது. நீங்கள் இன்று ‘தேர்தல்’ என்று ஒருங்குறியில் தட்டுகிறீர்கள். பழைய பக்கத்தில் அந்தச் சொல் ஐரோப்பியக் குறிகளாகக் கிடக்கிறது. பொறிக்கு இரண்டும் தொடர்பற்ற சொற்கள். அன்றும் இதே நிலைதான். ஆகவே யாரும் தமிழில் தேடவில்லை. பிடித்த தளங்களைக் குறித்துவைத்துக்கொண்டு வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள்.

யூனிகோடு 1991-இலேயே வந்துவிட்டதாமே? பிறகு ஏன் இவ்வளவு தாமதம்?

உண்மைதான். 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் இடம் ஒதுக்கினால் போதாது. கணினியின் இயங்குதளம் அந்த எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். ‘கொ’ என்பதற்கு ஒருங்குறியில் ககரமும் ஒகரக் குறியும் இருக்கும். அதை இரு பக்கமும் கொம்பும் காலுமாகப் பிரித்து வைப்பது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு அந்தத் திறனைக் கொண்டு வந்தது. எங்கள் கடைக் கணினிகளில் 2002 வரை விண்டோஸ் 98 தான். எக்ஸ்பி வந்த பிறகும், தமிழைத் தெரியவைக்க அமைப்புகளில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே அது நிறுவல் சிடியைக் கேட்கும். பல கடைகளில் அந்தச் சிடி இருக்காது.

எழுதுவதற்கு முகுந்தின் தமிழா குழு இலவசமாகத் தந்த இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் பெரிய வழியைத் திறந்தது. வலைப்பதிவர்கள் முதலில் மாறினார்கள், பத்திரிகைகள் பிறகு மாறின. அச்சுக்கூடத்தில் பழைய முறையிலேயே தட்டச்சு செய்து, இணையத்துக்கு மட்டும் மாற்றி ஏற்றிய ஏடுகள் நெடுநாள் இருந்தன.

அந்தக் காலச் செய்திகளும் விவாதங்களும் இப்போது எங்கே?

பெரும்பகுதி போய்விட்டது. பலர் செய்திகளைத் தொகுத்து வைத்திருந்த ஜியோசிட்டீஸ் பக்கங்கள் 2009 அக்டோபரில் மூடப்பட்டன. யாகூ குழுமங்களில் இருந்த மடல்களை அந்த நிறுவனம் 2019 இறுதியில் நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே நிறுத்தியது. உறுப்பினர்கள் தங்கள் கணினியில் இறக்கி வைத்திருந்தவை மட்டுமே மிச்சம். பத்திரிகைத் தளங்களின் பழைய பக்கங்கள் சில, இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் இருக்கின்றன. அங்கே கிறுக்கலாகத் தெரிந்தால் அழிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். எண்கள் அப்படியே இருக்கின்றன, எழுத்துரு மட்டும்தான் இல்லை.

அப்பாவின் பழைய கணினியில் இப்படிப்பட்ட கோப்புகள் கிடைத்தன. எப்படிப் படிப்பது?

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சொல் செயலியில் திறந்து சேமித்தால், அது மேற்கோள் குறிகளைத் தானாக மாற்றிவிடும். அதோடு சில தமிழ் எழுத்துகளும் போய்விடும். எளிய உரைத் திருத்தியில் மட்டும் திறக்கவும்.

பிறகு எந்தக் குறியேற்றம் என்று அடையாளம் காண வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நெருக்கமாக வந்தால் பாமினி வகை. இடையிடையே ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காகப் படிக்க முடிந்து, மற்றவை முக்கால் குறியும் சென்ட் குறியுமாக இருந்தால் டிஸ்கி. சமக்குறியை அடுத்து இரண்டு எழுத்து, மீண்டும் சமக்குறி என்று தொடர்ந்தால், அது மின்னஞ்சல் அனுப்பும்போது சேர்ந்த மேலுறை. முதலில் அதை அவிழ்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். அடையாளம் தெரிந்ததும் சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்ற ஒன்றில் ஒரு பத்தியை மட்டும் இட்டுப் பாருங்கள். சரியாக வரவில்லையென்றால் பட்டியலில் உள்ள அடுத்த பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பத்திரிகையிலிருந்து சேமித்த பக்கமாக இருந்தால், அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாற்றிய பிறகும் ‘கௌரவம்’ என்பது தேடினால் அகப்படவில்லையே?

பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், பல நேரங்களில் ஒரே எண். மாற்றி அதை ளகரம் என்று எடுத்துக்கொண்டு, எகரக் கொம்பு போட்ட ககரத்தையும் தனி ளகரத்தையும் எழுதிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு வேறு வேறு. மௌனம், பௌர்ணமி, சௌகரியம், கௌதமன் எல்லாவற்றுக்கும் இதே கதி. மாற்றி முடித்ததும் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். ‘கெளுத்தி’, ‘தெளிவு’ போன்றவற்றில் ளகரம் உண்மையாகவே இருக்க வேண்டியது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடாமல், சொல் சொல்லாகப் பார்த்துப் போங்கள். ஒரு வார ஏட்டின் ஒரு இதழுக்கு எனக்கு ஏறத்தாழ ஒரு மாலை நேரம் ஆகிறது.